இருபது ஆமாங்க

கமருன்னிஸாவின் ஆங்கிலம் பினாங்கில் விளைந்தது. தகப்பனார் அப்துல் ஜலீலுக்கு அங்கே ஜவுளிக்கடை. மகளைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படிக்க வைத்தார். பதினேழு வயதில் முகம்மது யூசுப்புக்குக் கட்டிக்கொடுத்துத் திருக்காட்டுப்பள்ளிக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை மூன்றாம் மாதமே பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், போவார். ஆங்கிலம் மட்டும் அவளோடு வீட்டில் தங்கிவிட்டது. தந்தி வந்தால், மருந்துச் சீட்டு வந்தால், பாஸ்போர்ட் பாரம் வந்தால் தெருவே அவள் வாசலில் நிற்கும்.

நிற்கும்தான், ஆனால் பயந்துகொண்டு நிற்கும். அம்மாளுக்குக் கோபம் மூக்குநுனியில். அதோடு, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பாள். சாவுச் செய்தியானாலும் சுற்றி வளைக்க மாட்டாள். “என்னத்தா இப்படிப் பட்டுன்னு சொல்றே?” என்று ஒருவர் அழுதபோது, “தந்தியில இருக்கறதைத்தான் சொல்வேன். இனிப்பா வேணும்னா மிட்டாய்க்கடைக்குப் போங்க” என்று சொன்னவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை, கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

குடிசை போட்டிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம் அது. அவளுக்கு வயது முப்பத்தாறு. சட்டம் சென்னையில் வந்துவிட்டது. ஊர்களுக்குள் வருவதற்குத்தான் படாத பாடு பட்டது. பக்கத்து ஊரான செம்பியநத்தத்தில் குறுவை அறுப்பின்போது கூலித் தகராறு. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. உள்ளூர்க்காரர்கள் மறித்தார்கள். மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது, ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த ஏழு பேரில் ஒருவன் மருதையன். அவன் மனைவி வேம்பு.

ஐப்பசியில் கல்கத்தாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கலவரம் நடந்த ஊர்ப் பெண்களின் மனம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி. கையில் இருபது கேள்விகள் அடங்கிய தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலம் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தி வேண்டும் என்று விசாரித்தபோது எல்லா விரல்களும் கமருன்னிஸாவின் வீட்டைத்தான் காட்டின. கொழுந்தன் மூஸாவுக்கு இஷ்டமில்லை. “பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையெல்லாம் நமக்கு எதுக்கு மச்சி?” என்றான். அண்ணன் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தன் நெல் மண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

டாக்டரம்மா தங்குவதற்குச் செம்பியநத்தத்தில் ஓட்டு வீடு என்று பார்த்தால் பண்ணையின் விருந்தாளி அறைதான். ஏற்பாடு முழுவதும் பண்ணைக் காரியக்காரர் ஐயாவு. நல்ல வாய்ப்பேச்சுக்காரர். களத்துமேட்டுக் கொட்டகையில் இரண்டு நாற்காலி போட்டுக்கொடுத்தார். பெண்களை வீடு வீடாக ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவர்கள் வந்து நிற்பார்கள், இவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். ஐயாவு இருபதடி தள்ளி வேப்பமரத்து நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். டாக்டரம்மாவுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. கமருன்னிஸாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவள் கவனமெல்லாம் வார்த்தையில்.

“தூக்கம் வரமாட்டேங்குதா?” 

“ஆமாங்க.” 

“தலை கனக்குதா?” 

“ஆமாங்க.” 

“இல்லாதவங்க பேசறது காதுல விழுதா?” 

“ஆமாங்க.” 

ஆறு நாளில் அறுபத்திரண்டு பெண்கள். அத்தனை பேரும் பதினாறு, பதினேழு கேள்விகளுக்கு ஆமாம். வேம்பு ஒருத்திதான் இருபதுக்கும் ஆமாங்க சொன்னாள். செத்தவர்கள் பேசுவது, யாரோ கொல்ல வருவது, உயிரை விடத் தோன்றுவது, எல்லாவற்றுக்கும் ஒரே தொனி, தரையைப் பார்த்த பார்வை. டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவளை உடனே பட்டணத்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அதை ஐயாவு கையிலேயே கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் என்னத்தைச் சொல்ல!

அன்று சாயங்காலம் கமருன்னிஸா வீடு திரும்ப ரோட்டுக்கு வந்தாள். மைல்கல் பக்கத்தில் ரெங்கம்மாள் புல்லுக்கட்டோடு நின்றிருந்தாள். முந்தாநாள் கொட்டகையில் வந்து பதினேழு ஆமாம் சொன்னவள். 

“திருக்காட்டுப்பள்ளி பஸ் போயிடுச்சா?” என்று கமருன்னிஸா கேட்டாள். 

“ஆமாங்க.” 

போச்சுடா என்று மைல்கல்லின்மேல் உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். உட்கார்ந்து காலைக்கூட நீட்டவில்லை, பூதலூர்ப் பக்கமிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்து நின்றது. 

“ஏம்மா, போயிடுச்சுன்னியே!” 

“நீங்கதாங்க போயிடுச்சான்னு கேட்டீங்க. நீங்க ஒண்ணு சொல்லும்போது இல்லேன்னு எப்படிங்க சொல்றது?” 

கண்டக்டர் விசில் ஊதினார். கமருன்னிஸா ஏறவில்லை. 

“அப்ப, முந்தாநாள் கேட்டோமே, செத்தவங்க பேசறது கேக்குதான்னு. ஆமான்னியே. யாரு பேசறா?” 

“யாரும் பேசலீங்க.” 

“பின்னே ஏன் சொன்னே?” 

ரெங்கம்மாள் புல்லுக்கட்டை இறக்கிவைத்தாள். “நீங்க நாற்காலியில உக்காந்து கேட்டீங்க. அங்க காரியக்காரரு வேற உக்காந்திருந்தாரு. இல்லேன்னா எதுத்துப் பேசறாப்பல ஆயிடாதுங்களா? மருதையன் ஒரே ஒரு தடவ முடியாதுன்னான். இப்ப திருச்சி ஜெயில்ல கெடக்கான்.” பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “வேம்பை வண்டியில ஏத்தப் போறாங்களாம்ல? ஏத்திட்டா அவ்வளவுதாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு மனைக்கு விசாரிக்கத் தாசில்தாரு வராரு. புருசன் ஜெயில்ல, பொண்டாட்டி பைத்தியம், குடிசையில ஆளே இல்லேன்னு காரியக்காரரு எழுதி வாங்கிப்புடுவாரு. கீத்தைப் பிரிச்சுப் போட்டா அடுத்த வாரம் அங்க வாழைக்கன்னு நிக்கும்.” 

கமருன்னிஸா திரும்பி நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். 

டாக்டரம்மா கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கமர், ஒரு பஸ்ஸை வைத்து அறுபத்திரண்டு பேரின் பதிலைத் தூக்கிப் போடச் சொல்கிறாயா? நீ வார்த்தை தவறாமல் சொன்னாய் அல்லவா?” 

“தவறாமல்தான் சொன்னேன். அதுதான் தப்பு.” 

இருவரும் ஐயாவுவிடம் போனார்கள். கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் வெற்றிலையை நிதானமாக மென்றார். “குடுத்த கடுதாசியைத் திரும்பக் கேக்கறது மரியாதையா ராவுத்தரம்மா? பாவம், ஒரு பொம்பளைக்கு வைத்தியம் நடக்கட்டுமே. நீங்க ஏன் குறுக்க நிக்கறீங்க?” அவ்வளவுதான். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் மூஸாவுக்கு ஆள் போய்விட்டது. “பண்ணை நெல்லு இனிமே நம்ம மண்டிக்கு வராதாம். நாளைக்கு நீங்க அந்தப் பக்கம் போனா அதோட சரியாம்” என்று மூஸா வாசலிலேயே நின்று சொன்னான். 

“பினாங்குக்குக் கடுதாசி போடு, உங்க அண்ணனே வந்து என்னைக் கட்டிப் போடட்டும்” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். வேம்புவை ஏற்றிப் போக வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அவளைப் பண்ணை வேலைக்குச் சேர்ப்பதில்லை. ஆற்றுப் படுகையை ஒட்டி ஒரு சின்ன விவசாயியின் நிலத்தில் தாளடி நடவு. அங்கே எட்டுப் பேரோடு குனிந்துகொண்டிருந்தாள். கமருன்னிஸா டாக்டரம்மாவோடு வரப்பில் நின்று பார்த்தாள். நடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் சேற்றில், கால் பின்னால் பின்னால் போகிறது, வாய் மட்டும் ஓயவில்லை. ஒருத்தி சொல்வதை மற்றவள் வெட்டிப் பேசுகிறாள், இன்னொருத்தி ஒட்டிப் பேசுகிறாள். ஆமாங்க என்ற பேச்சே இல்லை. 

வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி டாக்டரம்மா கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். “நான் கேட்கிறேன். நீங்கள் இங்கேயே நில்லுங்கள், பக்கத்தில் வராதீர்கள்” என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். 

“ஐயையோ, ராவுத்தரம்மா! வழுக்கும்!” என்று பெண்கள் கூவினார்கள். வழுக்கத்தான் செய்தது. கையை ஊன்றி எழுந்தாள். ஒரு நாற்று முடியை வாங்கிப் பிரித்து வேம்புக்குப் பக்கத்தில் குனிந்தாள். 

ஒரு நாற்றைச் சேற்றில் சொருகினாள், இன்னொன்றையும் சொருகினாள். பிறகு வேம்புதான் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: “நாத்தை இப்படியாங்க சொருகறது? எல்லாம் மல்லாந்து கெடக்கு பாருங்க. தண்ணி வந்தா மெதந்துடும்.” 

“சரியாத்தானே வச்சிருக்கேன்?” 

“இல்லீங்க. எங்க சரியா வச்சீங்க? ரெண்டு வெரலை உள்ள வுடுங்க.” 

ஆறு நாளில் வேம்பு அவளிடம் சொன்ன முதல் ‘இல்லை’ அது. கமருன்னிஸாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கேள்வித்தாள் மனப்பாடம். ஒவ்வொன்றாக, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். செத்தவங்க பேசறாங்களா? “செத்தவன் எதுக்குப் பேசறான், உசுரோட இருக்கவளுக்கே பேச நேரமில்ல.” யாராவது கொல்ல வராப்பல இருக்கா? “என்னைக் கொன்னு யாருக்கு என்ன ஆவப்போவுது?” பசி இல்லை, தூக்கமில்லை, தலைவலி, நினைத்தால் அழுகை. இவை நான்கும் உண்மை. பதினைந்துக்கு இல்லை. 

கடைசியாக ஒன்று பாக்கி. அதைக் கேட்கும்போது கமருன்னிஸா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். 

வேம்பு நாலு குத்து நாற்று நட்டாள், அஞ்சாவதும் நட்டாள். “மதகுக்கிட்ட தண்ணி சுழிக்குதுல்லீங்க. பாத்தா எறங்கிடலாம்னு இருக்கும். ஒரு நா எறங்கிட்டேன். இடுப்பு மட்டும். அப்புறம், அவுரு வந்து தேடுவாரேன்னு ஏறி வந்துட்டேன்.” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “யாருகிட்டயும் சொன்னதில்லீங்க.” 

வரிசை முடிந்ததும் கமருன்னிஸா கரையேறினாள். டாக்டரம்மாவிடம் இருபதையும் சொன்னாள். மதகையும் சொன்னாள், இடுப்பு மட்டும் என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். “நான் பெரிய தவறு செய்துவிட்டேன். இவளுக்கு மாத்திரையும் துணையும் போதும். ஆஸ்பத்திரி வேண்டாம். வா” என்றார். 

சாவடி வாசலில் கூட்டம். தாசில்தார் நாற்காலியில் இருந்தார், முன்னால் மேசை, மேசையில் அந்தக் கடிதம். டாக்டரம்மா போன வேகத்தில் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: முதல் பேட்டி செல்லாது, இன்று காலை வேறுவிதமாகக் கேட்டோம், இருபதில் ஐந்துதான், அதில் உயிரை விடும் எண்ணம் ஒன்று, அதற்கு வைத்தியம் இங்கேயே செய்யலாம். தாசில்தார் கேட்டுக்கொண்டார். ஐயாவு விடவில்லை. “நேத்து கையெழுத்துப் போட்டவங்க இன்னிக்கு மாத்திச் சொல்றாங்கன்னா என்ன அர்த்தம் சார்? கொடி புடிக்கறவன் எவனோ மிரட்டியிருக்கான். அவளையே கேளுங்க. அந்தக் குடிசையில இருக்காளான்னு அவ வாயாலேயே கேளுங்க.” 

வேம்புவைக் கூப்பிட்டார்கள். நடவிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள். 

“ஏம்மா, அந்தக் குடிசையில யாரும் குடியில்லையாமே?” என்று தாசில்தார் கேட்டார். 

“ஆமாங்க.” 

ஐயாவு சிரித்தேவிட்டார். கூட்டத்தில் ரெங்கம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். தாசில்தார் பேனா மூடியைத் திருகினார். 

“எழுதாதீங்க ஐயா!” என்று கமருன்னிஸா முன்னால் வந்தாள். சேறு காயாத கால். “இவங்க இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. எதைக் கேட்டாலும் ஆமாங்கதான் வரும். இப்ப பாருங்க. வேம்பு, நேத்திக்குக் காவேரி பத்திக்கிட்டு எரிஞ்சுதாமே?” 

வேம்பு தலையை நிமிர்த்தினாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி பார்த்தாள். “என்னங்க ராவுத்தரம்மா? தண்ணி எப்படிங்க எரியும்?” 

கொல்லென்று சிரித்தது கூட்டம். “பாத்தீங்களா சார்? இல்லேன்னும் நல்லாச் சொல்லத் தெரியுது. அப்ப ஆமான்னது எல்லாம் ஆமாந்தானே?” என்றார் ஐயாவு. 

கமருன்னிஸா தன் கையாலேயே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். காலையில் ஒரு வரிசை சேர்ந்து நட்டதில் வேம்புக்கு அவளிடமிருந்த பயம் போய்விட்டது. நல்லதுதான், ஆனால் இந்த நேரம் பார்த்தா போகவேண்டும்? அந்த எரிச்சலிலேயே சட்டென்று உறைத்தது அவளுக்கு. 

“ஐயா, நான் கேட்டது தப்பு. நீங்க கேளுங்க. எழுந்திருக்க வேண்டாம், நாற்காலியில உக்காந்தபடியே நீங்க கேளுங்க.” 

தாசில்தாருக்கு எரிச்சல். ஆனாலும் மனிதர் கேட்டார். “ஏம்மா, நேத்துக் காவேரி பத்தி எரிஞ்சுதாமே?” 

வேம்புவின் தலை குனிந்தது. “ஆமாங்க.” 

யாரும் சிரிக்கவில்லை. தாசில்தார் சற்று முன்னால் சாய்ந்தார். “உன் பேரு ரெங்கம்மாளாமே?” 

“ஆமாங்க.” 

“நான் தாசில்தாரே இல்லையாமே?” 

“ஆமாங்க.” 

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஐயாவு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுந்து விறுவிறுவென்று தெருவுக்குள் நடந்தார். கூட்டம் பின்னால் ஓடியது. வேம்புவின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து அடுப்பில் கைவைத்துப் பார்த்தார். சாம்பலில் சூடு இருந்தது. கொடியில் மருதையனின் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வாசலிலேயே பலகை போடச் சொல்லி, மனை மருதையன் பேரிலும் வேம்பு பேரிலும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மாவின் கடிதத்தை அவரிடமே கொடுத்தார். டாக்டரம்மா அதை நாலாகக் கிழித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். கமருன்னிஸா சுவரோரம் நின்று சத்தமில்லாமல் அழுதாள். சந்தோஷத்தில்தான். 

தாசில்தார் கிளம்புகிற நேரத்தில் நின்றார். நல்ல மனிதர். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் போக மனமில்லை. “தைரியமா இரு தாயி. உன் புருஷன் வந்துடுவான். மதகுல எறங்கறது, சாகணும்னு நெனைக்கறது, இதெல்லாம் கூடாது. டாக்டரம்மா எல்லாம் சொன்னாங்க” என்றார். ஊரே கேட்கும்படி சொன்னார். 

குலவை நின்றுபோயிற்று. எல்லாரும் வேம்புவைத்தான் பார்த்தார்கள். வேம்பு கமருன்னிஸாவைப் பார்த்தாள். 

மறுநாள் காலை டாக்டரம்மா உற்சாகமாக இருந்தார். அறுபத்திரண்டு பேரையும் வயலில் வைத்தே திரும்பக் கேட்கப் போகிறோம், வேம்புவிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். மாத்திரையும் கொண்டுவந்திருந்தார். அதே படுகை வயல், அதே நடவு. கமருன்னிஸா துப்பட்டியைக் கழற்றப் போனாள். 

வேம்பு வரிசையை விட்டு வந்து வரப்போரம் நின்றாள். கையைக் கட்டவில்லை, குனியவும் இல்லை. 

“மாட்டேங்க.” 

“என்னது?” 

“இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். மாத்திரை குடுத்தா வாங்கிக்கறேன். மனை நெலச்சுது, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். அது வேற. ஆனா சேத்துல எம்பக்கத்துல ஒரு பொம்பள நிக்கறான்னு நெனச்சுல்ல சொன்னேன்? நீங்க அவங்ககிட்ட சொன்னீங்க, அவங்க தாசில்தாருகிட்ட சொன்னாங்க, அவரு ஊருக்கே சொல்லிட்டாரு. நேத்துலேருந்து என்னை ஒருத்தியும் தனியா வாய்க்காப் பக்கம் வுடமாட்டேங்கறா. ஜெயில்ல இருக்கவரு காதுக்கும் இந்நேரம் போயிருக்கும். அவரு அங்க கம்பியப் புடிச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு சொல்லுங்க?” 

எதைச் சொன்னாலும் அது சாக்குத்தான் என்று கமருன்னிஸாவுக்கே தெரிந்தது. “தப்புதான் வேம்பு” என்றாள். 

வேம்பு மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போய்க் குனிந்தாள். 

டாக்டரம்மா தாளையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். “என்ன சொல்கிறாள், கமர்?” 

“முடியாது என்கிறாள்.” 

“அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாளே?” 

“மீதி என்னிடம் சொன்னது” என்றாள் கமருன்னிஸா.